அந்த மஞ்சள் விளக்கை அணைக்கச் சொன்னது நான்தான்

2010-ஆம் வருஷம், ஐப்பசி மாசம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்த சமயம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக கார் வாங்கியது நான். ஓட்டக் கற்றுக்கொண்டதும் நான்தான். மூணு வருஷம் ஓடின, சின்ன பெட்ரோல் கார். என் வீட்டுக்காரருக்கு ஸ்டீயரிங் பக்கம் கை வைக்கவே பயம். முப்பத்தெட்டு வயசில் லைசென்ஸ் வாங்கிவிட்டு நான் தெருவில் வண்டியைத் திருப்பும்போது பக்கத்து வீட்டுக்காரர்கள் நின்று பார்ப்பார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்ததெல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

எனக்கு ஒரே தங்கை. சிதம்பரத்துக்குப் பக்கத்தில், கீரப்பாளையத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் இரண்டு தடவை கரு தங்கி, மூணாவது மாசத்திலேயே கலைந்துபோனது. மூணாவது தடவை தங்கி, ஏழு மாசம் நல்லபடியாக வளர்ந்திருந்தது. வளைகாப்புக்கு ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்தார்கள். எங்களுக்கு அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. வளையல் அடுக்கி முடித்ததும் தாய்வீட்டு முறைக்கு அவளை என் வீட்டுக்கு அழைத்து வருகிற பொறுப்பு என்னுடையது. உறவுக்காரர்கள் போய் வர ஒரு வேன் பேசியிருந்தோம். ஆனால் தங்கையை என் காரில், நானே ஓட்டித்தான் அழைத்து வரவேண்டும் என்று ரொம்ப நாளாக மனசில் வைத்திருந்தேன்.

வளைகாப்புக்கு இரண்டு வாரம் முன்னால், திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் கார் சூடாகி ஆவி பறக்க நின்றுவிட்டது. பக்கத்திலேயே ஒரு மெக்கானிக் ஷெட். எங்கள் அலுவலகத்தில் பல பேர் அவரிடம்தான் வண்டி விடுவார்கள். நாற்பது வயசிருக்கும், அதிகம் பேசாத மனுஷன். இன்ஜினின் மேல்பாகத்தைக் கழற்றி, நடுவில் கசியாமல் இருக்கப் போடுகிற கேஸ்கெட் தகடு போய்விட்டது என்று காட்டினார். புகை வெளியே போகிற குழாயையும் கழற்றினால்தான் அந்த வேலையைச் செய்ய முடியும் என்றார். அஞ்சு நாள் ஆனது. வண்டி புதுசு மாதிரி ஓடியது.

வளைகாப்புக்கு முந்தின வியாழக்கிழமை காலையில், ஆபீஸ் போகிற வழியில், ஸ்பீடு காட்டுகிற முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. இன்ஜின் படம் போட்ட விளக்கு. வண்டி ஓட்டத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. அணைந்துவிடும் என்று விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை என்னோடு பக்கத்தில் உட்கார்ந்து வந்த என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டார். அவர் எதிலும் இரண்டு தடவை யோசிக்கிறவர். விளக்கு எரிகிற வண்டியில் வாயும் வயிறுமாக இருக்கிறவளை ஏற்றவேண்டாம், எல்லாரும் வேனிலேயே வந்துவிடலாம் என்றார். எனக்குச் சுருக்கென்றது. அதெல்லாம் நாளைக்கே சரி பண்ணிவிடலாம் என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை மதியம் மூணு மணிக்கு ஷெட்டுக்குப் போனேன். மெக்கானிக் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சின்னக் கருவியை மாட்டி, அதில் வந்த எழுத்தைப் படித்தார். இன்ஜினுக்குக் காற்று ஜாஸ்தியாகவும் பெட்ரோல் கம்மியாகவும் போகிறது என்று அது சொல்வதாகச் சொன்னார். அப்படியானால் அதைச் சரிபண்ணிவிடலாமே என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"இது காய்ச்சல்னு மட்டும்தான் சொல்லும் மேடம். எதனால காய்ச்சல்னு சொல்லாது. அத நாமதான் தேடிப் பாக்கணும்."

புகைக்குழாயில் ஒரு சென்சார் இருக்கிறதாம். வெளியே போகிற புகையை மோந்து பார்த்து, பெட்ரோல் கூடவா குறையவா என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதன் வேலை. அந்த சென்சாரே கெட்டிருக்கலாம். எங்காவது ஒரு ரப்பர் குழாய் விட்டிருக்கலாம். இல்லாவிட்டால் தான் கழற்றி மாட்டிய இடத்தில் ஏதாவது கசிவு இருக்கலாம். வண்டி இப்போது ஓடி வந்த சூட்டில் இருக்கிறது, சின்னக் கசிவு என்றால் சூட்டில் சத்தம் கேட்காது, இன்றைக்கு இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள், காலையில் ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தால்தான் தெரியும் என்றார். கண்டுபிடித்து முடிக்க மதியம் ஆகலாம் என்றும் சொன்னார்.

மதியம் வரைக்கும் என்னால் காத்திருக்க முடியாது. காலை ஏழு மணிக்குக் கிளம்பவேண்டும். வளைகாப்பு என்றேன். தங்கை என்றேன். பிறகு நான் சொன்னதை இன்றைக்கு நினைத்தாலும் காது கூசுகிறது. விளக்கை மட்டும் இப்போது அணைத்துக் கொடுங்கள், திங்கட்கிழமை கொண்டுவந்து விடுகிறேன், மற்றதை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

அவர் கையிலிருந்த துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே நின்றார். "அணைக்க ஒரு நிமிஷம் போதும் மேடம். ஆனா அணைச்சிட்டா சரியாயிட்டதுன்னு அர்த்தம் இல்ல."

நான் விடவில்லை. நீங்கள் கைவைத்த பிறகுதானே இந்த விளக்கு வந்தது, அதற்கு முன்னால் வந்ததே இல்லையே என்று குரலை உயர்த்தினேன். எங்கள் ஆபீஸிலிருந்து உங்களிடம் எத்தனை வண்டி வருகிறது, நான் ஒரு வார்த்தை சொன்னால் என்னவாகும் என்றும் கேட்டேன். அவர் முகம் இறுகியது. குனிந்து, கருவியில் இரண்டு பொத்தான்களை அழுத்தினார். விளக்கு அணைந்தது. வண்டியைப் பின்னுக்கு எடுக்கும்போது ஜன்னல் பக்கம் வந்து, விளக்கு மறுபடியும் எரிந்தால் ஓட்டாதீர்கள், ஓரமாக நிறுத்திவிட்டு எனக்கு போன் பண்ணுங்கள் என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரை அழைத்து மீட்டரைக் காட்டினேன். சரி பண்ணிட்டாரு என்றேன். அவரும் நம்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை போகும்போது ஒன்றும் ஆகவில்லை. வானம் மூடிக்கிடந்ததே தவிர மழை இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே போனோம். வளைகாப்பு நிறைவாக நடந்தது. இரண்டு கையிலும் வளையல் அடுக்கி, சந்தனம் பூசி, அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அழகை இன்னும் மறக்கவில்லை. சாப்பாடு முடிந்து கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. வேன் முதலில் புறப்பட்டது. உறவுக்காரர்களைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க என் வீட்டுக்காரர் அதில் போனார். தங்கையை முன் சீட்டில் சாய்த்து உட்காரவைத்து, அரைமணி கழித்து நாங்கள் கிளம்பினோம். மாப்பிள்ளை, அதாவது தங்கையின் வீட்டுக்காரர், மறுநாள் வருவதாகச் சொல்லி வாசலில் நின்று கையசைத்தார்.

சிதம்பரம் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது அந்த மஞ்சள் விளக்கு மறுபடியும் எரிந்தது.

தங்கைதான் முதலில் பார்த்தாள். "அக்கா, இது என்னா மஞ்ச லைட்டு எரியுது?"

"ஒண்ணுமில்லடி. அது அப்பப்ப எரியும்."

அவள் திரும்பி மழையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். என்னால் அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்க முடியும். சிதம்பரம் நாலு கிலோமீட்டர்தான் பின்னால் இருந்தது. மழை ஊற்றுகிறது, இவளை எங்கே இறக்கி எதில் ஏற்றுவது, இன்னும் ஒருமணி நேரம்தானே என்று ஓட்டிக்கொண்டே போனேன். கண்ணாடியில் மூச்சு படிந்து மறைத்தது. நாலு ஜன்னலையும் ஏற்றிவிட்டு, கண்ணாடிக்குக் காற்று அடிக்கிற ப்ளோயரை முழுசாகத் திருப்பி வைத்தேன்.

புதுச்சத்திரம் வருவதற்கு முன்னால் ரோட்டில் ஒரு மரம் விழுந்திருந்தது. லாரி, பஸ், கார் என்று வரிசையாக நின்றன. இன்ஜினை நிறுத்தினால் கண்ணாடி மறைத்துவிடும், உள்ளே புழுங்கும் என்று ஓடவிட்டேன். கொஞ்ச நேரத்தில் புகை வாடை வருகிற மாதிரி இருந்தது. முன்னால் நின்ற லாரியின் புகை என்று நினைத்தேன். தங்கை தலை வலிக்கிறது என்றாள். காலையிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்த அசதி, கொஞ்சம் கண்ணை மூடு என்றேன். எனக்கும் நெற்றிப் பொட்டில் வலி. வயிற்றைப் புரட்டியது. கல்யாணச் சாப்பாடு மாதிரி ஒரு பிடி பிடித்தோமே, அதுதான் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். தங்கை தூங்கிப்போனாள். ஸ்டீயரிங் மேல் வைத்திருந்த என் கை என்னுடையது இல்லாத மாதிரி இருந்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஞாபகம் இல்லை.

மழைதான் என்னை எழுப்பியது. முகத்தில் அடித்தது. நான் ரோட்டோரத்தில், ஈரத்தில் உட்கார்ந்திருந்தேன். லுங்கி கட்டிய ஒருத்தர் என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பின்னால் நின்ற லாரியின் டிரைவர். மரத்தை வெட்டி வழி விட்டதும் முன்னால் இருந்த வண்டிகள் நகர்ந்திருக்கின்றன. என் கார் மட்டும் நகரவில்லை. ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, திட்டுவதற்காக இறங்கி வந்திருக்கிறார். கண்ணாடி வழியாகப் பார்த்தால் இரண்டு பேரும் தலை தொங்கிக் கிடந்தோம். கதவைத் திறந்ததும் புகை வாடை முகத்தில் அடித்ததாம். லாரிக்காரருக்கு அந்த வாடை ஆபத்து என்று தெரிந்திருக்கிறது. சாவியைத் திருகி இன்ஜினை நிறுத்திவிட்டு, முதலில் வயிற்றுப்பிள்ளைக்காரியைத்தான் தூக்கியிருக்கிறார்.

தங்கையைத் தன் லாரியின் முன் சீட்டில் படுக்கவைத்து, இரண்டு பக்கக் கதவையும் திறந்து வைத்திருந்தார். நான் தள்ளாடிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அவள் கண் பாதி திறந்திருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் 'ம்' என்றாள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. வளையல் அடுக்கின கை சீட்டிலிருந்து கீழே தொங்கிக்கொண்டிருந்தது. லாரி டிரைவர் ரோட்டின் குறுக்கே நின்று, சிதம்பரம் பக்கம் திரும்பிப் போன ஒரு காலி பால் வேனை நிறுத்தினார். எங்கள் இரண்டு பேரையும் அதில் ஏற்றிவிட்டு, என் காரைத் தள்ளி ஓரம் கட்டி, பூட்டி, சாவியை ஓடி வந்து என் மடியில் போட்டார்.

"ஜன்னல மூடாதீங்க. நனைஞ்சாலும் பரவாயில்ல, அந்தம்மா மூஞ்சில காத்து படட்டும்." அதுதான் அவர் என்னிடம் சொன்னது. அவர் பெயரையோ லாரி நம்பரையோ கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. அதன் பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை.

சிதம்பரம் ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி தலைவலி, ஒரே மாதிரி மயக்கம் என்று கேட்டதுமே டாக்டரம்மா, எந்த வண்டியில் வந்தீர்கள், ஜன்னல் மூடியிருந்ததா என்று கேட்டார். முகத்தில் ஆக்ஸிஜன் மாட்டினார்கள். வண்டிப் புகையில் நிறமும் வாசனையும் இல்லாத ஒரு விஷ வாயு இருக்கிறது, அது ரத்தத்தில் காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், தாயின் உடம்பை விட்டுப் போன பிறகும் வயிற்றுக் குழந்தையிடம் கொஞ்ச நேரம் தங்கும் என்று விளக்கினார். தங்கையின் வயிற்றில் கருவியை வைத்துத் தேடினார்கள். அந்த இரண்டு நிமிஷத்தில் நான் வேண்டாத சாமி இல்லை. கடைசியில் குழந்தையின் இதயத் துடிப்பு கேட்டது. நான் அழுதேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. துடிப்பு இருக்கிறது, அதுவரைக்கும் நல்லது, மற்றதெல்லாம் குழந்தை பிறந்து வளரும்போதுதான் தெரியும் என்றார்.

எனக்கு மறுநாளே சரியாகிவிட்டது. தங்கையை புதன்கிழமை வரை வைத்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை, மாப்பிள்ளை காரைக் கட்டி இழுத்துக்கொண்டுபோய் அந்த ஷெட்டில் நிறுத்தினார். நானும் என் வீட்டுக்காரரும் போனோம். கீரப்பாளையத்திலிருந்து மாப்பிள்ளையின் சொந்தக்காரர்கள் இரண்டு பேர்கூட வந்திருந்தார்கள். மெக்கானிக்குக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. எந்தச் சமாதானமும் சொல்லாமல், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று பானெட்டைத் திறந்தார். இன்ஜின் இரண்டு நாளாக ஆறிக்கிடந்தது.

டார்ச் அடித்துப் பார்த்தார். புகைக்குழாய் இன்ஜினோடு சேர்கிற இடத்தில், கரி பூசின மாதிரி விரல் நீளத்துக்கு ஒரு கறுப்புக் கோடு இருந்தது. ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். டிக் டிக் டிக் என்று, நாக்கை மேலண்ணத்தில் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. சோப்புத் தண்ணீரை அந்த இடத்தில் பீய்ச்சினார். நுரை கொப்புளித்துக்கொண்டு வந்தது. எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு இன்ஜினை நிறுத்திவிட்டு நட்டுகளைக் கழற்றினார். ஒரு நட்டுக்குள்ளே திருகைப் பிடிக்கிற மரை தேய்ந்திருந்தது. இறுக்கின மாதிரி இருந்தாலும் அது பிடிக்கவில்லை. உள்ளே இருந்த, புகைக்குழாய்க்கான தகட்டு கேஸ்கெட் ஒரு மூலையில் கிழிந்திருந்தது. புதுசு வந்து சேரவில்லை என்பதால் பழையதையே போட்டதாக அவரே சொன்னார்.

எல்லாருக்கும் கேட்கும்படி, ஒரு வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி அவர் சொன்னார். இந்த ஓட்டை வழியாகப் புகை வெளியே வந்திருக்கிறது. நடு நடுவே அதே ஓட்டை வெளிக்காற்றையும் உள்ளே இழுத்திருக்கிறது. சென்சார் அந்தக் காற்றைப் பார்த்து பெட்ரோல் குறைவு என்று சொல்ல, கம்ப்யூட்டர் இன்னும் இன்னும் பெட்ரோலை ஊற்ற, புகையில் விஷம் ஜாஸ்தியாகியிருக்கிறது. ப்ளோயர் காற்றை எடுக்கிற இடம் முன் கண்ணாடிக்குக் கீழே, பானெட்டை ஒட்டித்தான். வண்டி ஓடும்போது காற்று கலைத்துவிடும். நின்ற இடத்தில் இன்ஜின் ஓடினால் புகை எல்லாம் உள்ளேதான் வரும்.

மாப்பிள்ளை கேட்டார். "அப்படின்னா ஏதாச்சும் லைட்டு எரிஞ்சிருக்கணுமே?"

"எரிஞ்சுது."

"அப்பறம்?"

"நான்தான் அணைச்சேன்."

அவ்வளவுதான் சொன்னார். என் பக்கம் பார்க்கவே இல்லை. மாப்பிள்ளை அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் சாய்த்தார். சொந்தக்காரர் ஒருத்தர் கன்னத்தில் அறைந்தேவிட்டார். என் வீட்டுக்காரர்தான் நடுவில் புகுந்து விலக்கினார். விலக்கிவிட்டு என்னிடம் திரும்பி, சனிக்கிழமை உன்னிடம் சரி பண்ணிவிட்டதாகத்தானே சொன்னார் என்று கேட்டார்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

மெக்கானிக் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கழன்ற சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

அடுத்த நாலு நாள் எப்படிப் போனது என்று சொல்கிறேன். ஆபீஸில் எல்லாரும் என் மேஜையைச் சுற்றி நின்று விசாரித்தார்கள். இவனை எல்லாம் சும்மா விடக்கூடாது மேடம் என்றார்கள். அவரிடம் விட்டிருந்த வண்டிகளை இரண்டு மூன்று பேர் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். நான் அவர்கள் வாங்கிக்கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஷெட் மூடிக்கிடக்கிறது என்று ஒருத்தர் சந்தோஷமாகச் சொன்னார். வீட்டில் தங்கை, ஆஸ்பத்திரியிலிருந்து வந்து உள்ரூமில் படுத்திருந்தாள். வயிற்றின் மேல் கையை வைத்து அசைவு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். அவளுக்குக் கஞ்சி கொடுப்பேன், தலை வாரிவிடுவேன், அவள் கண்ணை மட்டும் பார்க்கமாட்டேன்.

சனிக்கிழமை காலையில் மாப்பிள்ளை போலீஸ் ஸ்டேஷனில் கொடுப்பதற்கு ஒரு மனு டைப் அடித்துக்கொண்டு வந்தார். வண்டி என் பேரில் இருக்கிறது, அதனால் நான்தான் கையெழுத்துப் போடவேண்டும். வாங்கிப் படித்தேன். எச்சரிக்கை விளக்கை வேண்டுமென்றே அணைத்து, வாகனம் சரிசெய்யப்பட்டுவிட்டதாகப் பொய் கூறி என்று ஒரு வரி இருந்தது. பேனா என் கையில் இருந்தது. மாப்பிள்ளை கையெழுத்துப் போடவேண்டிய இடத்தை விரலால் காட்டினார். பொய் கூறி என்ற இடத்தைத் தாண்டி என் கண் நகரவில்லை. ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு உள்ரூமுக்குப் போனேன்.

தங்கையின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வெள்ளிக்கிழமையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். வேனில் வரவேண்டாம் என்று நான் பிடிவாதம் பிடித்ததை. விளக்கை அணைக்கச் சொன்னதை. மெக்கானிக்கை மிரட்டியதை. மறுபடி எரிந்தால் ஓட்டாதே என்று அவர் சொல்லி அனுப்பியதை. கடைசியில் அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"மஞ்ச லைட்டு எரியுதேன்னு நான் கேட்டப்ப, உனக்குத் தெரியும் இல்லக்கா?"

"தெரியும்டி."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கூடத்துக்கு வந்து அவர்கள் இரண்டு பேரிடமும் அதையே திரும்பச் சொன்னேன். என் வீட்டுக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை. மனுவை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று மதியமே ஒரு டாக்ஸி பிடித்து என் தங்கையைக் கீரப்பாளையத்துக்கே திருப்பி அழைத்துப்போய்விட்டார். பிரசவம் அங்கேயே நடக்கட்டும் என்றார். அவளும் மறுக்கவில்லை. அவள் துணிப்பையை நான்தான் டாக்ஸியில் வைத்தேன்.

திங்கட்கிழமை ஆபீஸில் என் பக்கத்து மேஜைக்காரர்களிடம் நடந்ததைச் சொன்னேன். சிலர் நம்பவில்லை, சிலர் அதற்குப் பிறகு என்னிடம் முன்னைப்போலப் பேசவில்லை. சாயங்காலம் ஷெட்டுக்குப் போனேன். பாதி ஷட்டரைத் தூக்கிவிட்டு உள்ளே அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் வீக்கம் வடிந்திருந்தது. மன்னிப்புக் கேட்டேன். எல்லாரிடமும் சொல்லிவிட்டேன் என்றேன். அன்றைக்கே நீங்கள் ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

அவர் திருப்பிக் கேட்டார். "உங்க பேரச் சொன்னா, அந்த நட்ட நான் சரியா இறுக்கினதா ஆயிடுமா மேடம்?"

பிறகு, குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். தினமும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அந்த விஷயத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நிலைமையில்தான் இருந்தோம்.

கார்த்திகையும் மார்கழியும் போவதற்குள் நான் பாதி ஆளாகிவிட்டேன். தங்கை போனில் பேசமாட்டாள். அவள் மாமியார் எடுத்து, நல்லாத்தான் இருக்கா என்று சொல்லி வைத்துவிடுவார். தை மாசம் ஒரு காலையில் மாப்பிள்ளையே கூப்பிட்டார். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

"பொண்ணு பொறந்திருக்குக்கா. நல்லா அழுதுச்சு."

போனைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆபீஸ் போகிற வழியில் ஷெட்டுக்குப் போய் அந்தச் செய்தியைச் சொன்னேன். அவர் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, சட்டையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நாற்பது நாள் கழித்து தங்கை போன் பண்ணி, எப்ப வருவே என்று கேட்டாள். பஸ்ஸில் போனேன். குழந்தையை என் மடியில் வைத்தாள். அதன் பிறகும் டாக்டரம்மா சொன்னது மனசை விட்டுப் போகவில்லை. தலை நிற்கிறதா, முகம் பார்த்துச் சிரிக்கிறதா, குப்புற விழுகிறதா என்று மாசா மாசம் போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 2012-இல், ஒரு வயசு தாண்டி ஒரு மாசத்தில், குழந்தை யார் கையையும் பிடிக்காமல் நடந்து கதவுவரை போனது. தங்கை அன்றைக்குத்தான் என் தோளில் சாய்ந்து அழுதாள்.

தங்கை என்னை மன்னித்துவிட்டாள். என் வீட்டுக்காரர் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. மெக்கானிக்கோ நான் எத்தனை தடவை ஆரம்பித்தாலும் தன் நட்டையும் கேஸ்கெட்டையும் பற்றித்தான் பேசுவார், என் பங்கு என்று ஒன்று இருப்பதாகவே காட்டிக்கொள்ளமாட்டார். அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு மனுஷன் தன் தப்போடு சேர்த்து என் தப்புக்கும் அடி வாங்கிக்கொண்டு நின்றபோது, ஆமாம் என்று ஆடிய என் தலையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.